மூன்றாம் இடத்தின் விலை

‘தி கிரவுன்’ தொடரின் முதல் சீசனைச் சமீபத்தில் இரண்டாம் முறை பார்த்தேன். முதல் தடவை கண் கலங்கிய இடத்தில் இந்தத் தடவை எரிச்சல்தான் வந்தது. கடைசி எபிசோடில் அரசி எலிசபெத் தங்கை மார்கரெட்டிடம், பீட்டர் டவுன்சென்டைக் கட்டிக்கொண்டால் இந்தக் குடும்பத்தில் உனக்கு இடமில்லை என்கிறார். கிளேர் ஃபாய், வனெஸ்ஸா கிர்பி இருவருமே அற்புதமாக நடித்திருக்கிறார்கள். ஆனால் 1955இல் பேரம் இவ்வளவு கொடூரமாக இல்லை.

முதலில் சட்டத்தைப் பார்த்துவிடுவோம். தம்பி சொல்லாமல் கொள்ளாமல் செய்துகொண்ட கல்யாணத்தால் கொதித்துப்போன மூன்றாம் ஜார்ஜ், 1772இல் கொண்டுவந்தது அரச திருமணச் சட்டம். மன்னரின் சம்மதமில்லாமல் அரச குடும்பத்தவர் செய்யும் திருமணம் செல்லாது. 25 வயது தாண்டியவருக்கு மட்டும் ஒரு சந்து உண்டு. பிரிவி கவுன்சிலுக்குத் தெரிவித்துவிட்டு ஓராண்டு காத்திருக்கலாம். நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் எதிர்க்காவிட்டால் மணக்கலாம். மார்கரெட்டுக்கு 1955 ஆகஸ்டில் 25 வயது நிறைந்தது. டவுன்சென்ட் விவாகரத்தானவர், முன்னாள் மனைவி உயிரோடு இருந்தார். அத்தகைய மறுமணத்தை அன்றைய இங்கிலாந்துத் திருச்சபை ஏற்கவில்லை. அதன் தலைமைப் பொறுப்பில் இருந்தவரோ மார்கரெட்டின் அக்கா.

இதுவரை தொடரும் வரலாறும் ஒன்றாகவே போகின்றன. ஆனால் 2004இல் பிரிட்டனின் தேசிய ஆவணக் காப்பகம் வெளியிட்ட கோப்புகளில் வேறொரு திட்டம் இருக்கிறது. பிரதமர் ஆண்டனி ஈடன், அவரே விவாகரத்தாகி மறுமணம் செய்தவர், அரசியோடு கலந்து ஒரு வழி தேடியிருக்கிறார். மார்கரெட்டும் அவருக்குப் பிறக்கும் பிள்ளைகளும் வாரிசு வரிசையிலிருந்து விலக வேண்டும். அவ்வளவுதான். இளவரசிப் பட்டம், அரசு மானியம் எல்லாம் அப்படியே இருக்கும். சார்லஸ், ஆன் இருவருக்கும் அடுத்து மூன்றாவதாக இருந்தவர் இழக்கப்போவது அந்த மூன்றாம் இடத்தை மட்டும்தான்.

சரி, 2004வரை இது ரகசியம், நாடகாசிரியரைக் குறை சொல்லலாமா என்று கேட்கலாம். தொடர் வந்தது 2016இல். அதைவிட முக்கியம், 1955 அக்டோபர் 31 அன்று மார்கரெட் வெளியிட்ட அறிக்கையே வாரிசுரிமையைத் துறந்தால் பதிவுத் திருமணம் சாத்தியம் என்று தனக்குத் தெரியும் என்கிறது. அதற்குப் பிறகும் வேண்டாம் என்றார். திருச்சபையின் போதனையையும் காமன்வெல்த் மீதான கடமையையும் காரணமாகச் சொன்னார். அந்த ஆகஸ்டில் ஈடனுக்கு எழுதிய கடிதத்திலும், டவுன்சென்டை நேரில் பார்த்தால்தான் மணப்பதா வேண்டாமா என்று முடிவெடுக்க முடியும் என்றுதான் எழுதியிருக்கிறார். இரண்டு வருடம் பிரசல்ஸில் இருந்துவிட்டுத் திரும்பும் மனிதரைப் பற்றி ஒரு பெண்ணுக்கு வரக்கூடிய சாதாரணத் தயக்கம் அது.

எழுத்தாளர் பீட்டர் மார்கனுக்கு இந்தத் தயக்கம் உதவாது. அவருக்கு வேண்டியது கிரீடத்துக்குப் பலியாகும் காதல். பலியை எழுதுவது சுலபம். காதலித்தும், வழி திறந்திருந்தும், யோசித்துப் பார்த்து வேண்டாம் என்ற ஒருத்தியை எழுதுவதுதான் கஷ்டம்.

1772 சட்டத்தை 2013ஆம் ஆண்டுச் சட்டம் ரத்து செய்தது. இப்போது வரிசையில் முதல் ஆறு பேருக்குத்தான் சம்மதம் தேவை. 2018இல் ஐந்தாவதாக இருந்த ஹாரி, விவாகரத்தான மேகனை மணக்க அதே எலிசபெத் கையெழுத்திட்டார். அதை நினைத்துக்கொண்டு தொடரைப் பார்த்தால், ‘பாவம் மார்கரெட், அறுபது வருஷம் முன்னாடியே பொறந்துட்டா’ என்று தோன்றும். எனக்கும் முதல் தடவை அப்படித்தான் தோன்றியது. அந்த அறிக்கையைப் படித்தபிறகு அப்படிச் சொல்ல வாய் வரவில்லை.