விடுமுறையும் ஹய்யின் தீவும்

பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்வு முடிந்த மறுநாளே நம் இல்லங்களில் ஒரு கேள்வி எழுகிறது: "லீவில் என்ன செய்யப் போகிறாய்?" கேள்வி பிள்ளையிடம் கேட்கப்பட்டாலும் விடை பெரியவர்களிடம் முன்னமே ஆயத்தமாக இருக்கிறது. காலையில் நுழைவுத் தேர்வுப் பயிற்சி. நண்பகலில் கணினி வகுப்பு. அஸருக்குப் பின் பள்ளிவாசலில் கோடைக்காலத் தீனிய்யாத் வகுப்பு. பெண்பிள்ளையாயின் இவற்றோடு அடுக்களை வேலையும் தம்பி தங்கையரைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பும் சேர்ந்துகொள்ளும். எஞ்சிய நேரத்தைக் கைப்பேசி விழுங்கிவிடுகிறது. பிறகு, "இந்தக் காலத்துப் பிள்ளைகள் ஒரு புத்தகத்தையும் தொடுவதில்லை" என்று நாமே வருந்துகிறோம். தொடுவதற்கு நாம் விட்டுவைத்த நேரம் எது என்று எண்ணிப் பார்த்தோமா?

ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியுள்ள நபிமொழி ஒன்று, உடல்நலத்தையும் ஓய்வையும் மனிதரில் பலர் இழப்புக்குள்ளாகும் இரு அருட்கொடைகளாக எண்ணுகிறது. அங்கே இழப்புக்குள்ளானவரைக் குறிக்க வரும் 'மக்பூன்' என்பது சந்தையில் வழங்கும் சொல். பொருளின் மதிப்பறியாமல் குறைந்த விலைக்கு விற்று ஏமாந்தவனை அரபியர் அவ்வாறு அழைப்பர். ஓய்வைக் குறிக்க வரும் சொல்லோ 'ஃபராக்'. வெறுமை, எதுவும் இட்டு நிரப்பப்படாத இடம் என்னும் பொருளும் அதற்கு உண்டு. ஆகவே ஓய்வு வணிகனின் கையிலுள்ள முதலைப் போன்றது. அதனை அரை நிமிடக் காணொளிகளுக்கு விற்பவன் ஏமாந்தவன் என்பதில் ஐயமில்லை. ஆனால் பிள்ளையின் ஓய்வில் ஒரு நாழிகையும் எஞ்சாதவாறு அட்டவணை இட்டு அடைத்துவிடும் பெற்றோரும் அந்த முதலை இழந்தவரே என்பது நம் கருத்து.

கதை படித்தலைப் பற்றியும் நம்மிடையே நெடுநாளைய ஐயம் ஒன்றுண்டு. கதை பொய், பொய்யில் பொழுதைக் கழிப்பது தகாது என்பர் சிலர். இவர்களின் பாட்டனாரும் பாட்டிமாரும் இரவில் கூடியமர்ந்து கிஸ்ஸாக்களை இராகத்தோடு படிக்கக் கேட்டவர்கள். சீறாப்புராணத்துக்குப் பொருள் சொல்லக் கேட்டவர்கள். முழுமையாகக் கிடைக்கும் இஸ்லாமியத் தமிழ் நூல்களுள் காலத்தால் முந்தியதாகக் கருதப்படுவது, 1572 ஆம் ஆண்டில் வண்ணப் பரிமளப் புலவர் இயற்றிய 'ஆயிரம் மசலா'. அந்நூல் முழுதும் வினாவும் விடையுமாக நடக்கிறது. யூத அறிஞராயிருந்த அப்துல்லாஹ் இப்னு ஸலாம் வினவ, நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் விடை பகர்வதாக அது அமைந்துள்ளது. வினவுதலையே இலக்கியமாக்கிய சமுதாயம், கதை படிக்கும் பிள்ளையிடம் "இதனால் என்ன பயன்?" என்று மட்டும் கேட்பது பொருத்தமாக இல்லை. "இந்தக் கதை உனக்குள் என்ன கேள்வியை எழுப்பியது?" என்று கேட்பதே முறை. இந்த அளவுகோலைக் கையில் கொண்டு, பதினைந்து பதினாறு வயதுப் பிள்ளையின் விடுமுறைக்கு உரியதென நாம் கருதும் ஒரு பழைய அரபு நூலின் நிறை குறைகளை ஈண்டு ஆராய்வோம்.

ஆசிரியரில்லாத மாணவன்

நூலின் பெயர் 'ஹய்யு இப்னு யக்ளான்'. 'விழித்திருப்பவனின் மகன் உயிருள்ளவன்' என்பது அதன் பொருள். இயற்றியவர் இப்னு துஃபைல். ஸ்பெயினில் கிரனாடாவை அடுத்த வாதி ஆஷ் என்னும் ஊரில் பிறந்தவர். முவஹ்ஹிதீன் அரசர் அபூ யஃகூப் யூசுஃபின் அரண்மனை மருத்துவராயிருந்தவர். இப்னு ருஷ்தை அவ்வரசருக்கு அறிமுகம் செய்துவைத்தவர். 1185 இல் மராகிஷ் நகரில் மறைந்தார். ஹய்யு என்னும் பெயரை இவருக்கு முன்னரே இப்னு ஸீனா தம் உருவகக் கதையொன்றில் கையாண்டிருந்தார். பெயரை அவரிடமிருந்து பெற்ற இப்னு துஃபைல், கதையைத் தமக்கேயுரிய வழியில் நடத்திச் சென்றார்.

இந்துமாக்கடலில் நிலநடுக்கோட்டை அடுத்த தீவொன்றில் ஒரு குழந்தை தனித்து வளர்கிறது. அது தீவுக்கு வந்த விதத்துக்கு ஆசிரியர் இரு வரலாறுகள் கூறுகிறார். ஒன்று, களிமண் புளித்துப் பொங்கி அதிலிருந்தே தோன்றியது என்பது. மற்றொன்று, அரச குடும்பத்துப் பெண்ணொருத்தி தான் மறைவாக மணந்தவனுக்குப் பெற்ற பிள்ளையை அச்சத்தால் பேழையிலிட்டுக் கடலில் விட்டாள் என்பது. மூஸா நபி (அலை) அவர்களின் அன்னை நினைவுக்கு வராமல் இவ்விடத்தைக் கடக்க இயலாது. எது மெய் என்று ஆசிரியர் தீர்ப்புச் சொல்லவில்லை. எடுத்த எடுப்பிலேயே சிந்தனை வாசகன் தலையில் சுமத்தப்பட்டுவிடுகிறது.

குட்டியை இழந்த பெண்மான் ஒன்று அக்குழந்தைக்குப் பாலூட்டி வளர்க்கிறது. ஏழு வயதை எட்டும் பிள்ளை, ஏனைய உயிர்களுக்குக் கொம்பும் குளம்பும் உரோமமும் இருக்கத் தனக்கு ஒன்றும் இல்லையே என்று நாணுகிறது. இலைகளால் உடல் மறைக்கிறது. கோலைக் கையில் எடுக்கிறது. பின்னர் மான் மூப்படைந்து ஒருநாள் அசைவற்றுக் கிடக்கிறது. கூவியழைத்தும் எழவில்லை. கண்ணைப் பார்க்கிறான், காதைப் பார்க்கிறான். ஊறு ஏதும் தென்படவில்லை. தடை உள்ளே எங்கோ இருக்க வேண்டும், அதை நீக்கினால் தாய் எழுந்துவிடுவாள் என்று எண்ணிக் கூரிய கல்லாலும் உலர்ந்த நாணற் சிம்பாலும் மார்பைப் பிளக்கிறான். இதயத்தைக் காண்கிறான். அதன் வலப்பக்க அறையில் உறைந்த குருதி. இடப்பக்க அறை வெறுமை. அங்கே குடியிருந்த ஏதோ ஒன்று போய்விட்டது என்று உணர்கிறான். தான் நேசித்த தாய் இந்த உடலன்று, போய்விட்ட அதுவே என்று தெளிகிறான். காகமொன்று மற்றொரு காகத்தை மண்ணில் புதைப்பதைக் கண்டு, தாயின் உடலை அவ்வாறே அடக்கம் செய்கிறான்.

அரபு உரைநடையில் நாம் பயின்றவற்றுள் இதற்கு நிகரான பகுதிகள் மிகச் சிலவே. அழுகையும் ஆராய்ச்சியும் இங்கே ஒரே செயலாகிவிடுகின்றன. அறுப்பவன் அன்பினால் அறுக்கிறான். மருத்துவராயிருந்த ஆசிரியர் ஒரு சொல்லையும் மிகையாக்காமல், அறுவைக் கூடத்துக்குரிய நிதானத்தோடு எழுதுகிறார். படிப்பவன் கண் கலங்குவது அந்த நிதானத்தால்தான்.

இன்று மருத்துவ நுழைவுத் தேர்வுக்குப் பயிலும் நம் பிள்ளை, இதயத்தில் நான்கு அறைகள் உண்டென்று உறக்கத்திலும் சொல்லும். இறந்த உடலில் இடப்பக்க அறை வெறுமையாகக் காணப்பட்டதிலிருந்து ஹய்யு கண்ட முடிபு, பண்டை மருத்துவத்தைச் சார்ந்தது. இன்றைய அறிவியல் அதனை ஏற்பதில்லை. விடையில் பிழையுண்டு. ஆயினும் அவன் தேடிச் சென்ற வழியைப் பாருங்கள்: ஒன்றைக் கூர்ந்து காண்கிறான், ஓர் எண்ணம் கொள்கிறான், அதைத் தன் கையாலேயே சோதிக்கிறான். பிற்பாடு உயிருள்ள விலங்கிலும் அதைச் சரிபார்க்கிறான். சரியான விடைகளை மட்டுமே மனனம் செய்யும் பிள்ளைக்கு, பிழையான விடைக்கு இட்டுச் சென்ற நேர்மையான தேடலொன்றைக் காட்டுவது பெரும் பேறாகும். பயிற்சி வகுப்பில் கிடைக்காதது இதுவே.

குரூஸோவும் நம் பெருமையும்

தீவுக் கதையென்றால் பள்ளிப் பிள்ளைகள் அறிந்தது ராபின்சன் குரூஸோ. டேனியல் டீஃபோ அதனை 1719 இல் வெளியிட்டார். இப்னு துஃபைலின் நூல் அதற்கு முன்னரே, 1671 இல் எட்வர்ட் போக்காக்கின் இலத்தீன் மொழிபெயர்ப்போடு ஆக்ஸ்ஃபோர்டில் அச்சாகிவிட்டது. 1708 இல் சைமன் ஆக்லி அரபியிலிருந்து நேரே ஆங்கிலமாக்கினார். இந்த ஆண்டுகளை வரிசைப்படுத்தி, "டீஃபோ நம்மவரிடமிருந்து திருடினார்" என்று மேடைகளில் முழங்குவதை நாம் கேட்டிருக்கிறோம். இது மெய்ப்பிக்கப்பட்ட செய்தியன்று. நான்கு ஆண்டுகளுக்கு மேல் தனித்தீவில் வாழ்ந்து 1709 இல் மீட்கப்பட்ட அலெக்சாண்டர் செல்கிர்க் என்னும் மாலுமியின் வரலாறும் டீஃபோவின் காலத்தில் பரவலாகப் பேசப்பட்டதே. டீஃபோ ஆக்லியின் நூலைக் கண்டிருக்கலாம், காணாமலும் இருந்திருக்கலாம். படிக்காத நூலைக் காட்டிப் பெருமை பேசுவதால் பிள்ளைக்கு எந்த நன்மையும் விளையாது. இரண்டையும் படித்து ஒப்பிடச் செய்வதே பயன் தரும்.

ஒப்பிட்டால் என்ன புலப்படும்? குரூஸோ உடைந்த கப்பலிலிருந்து கருவிகளையும் துப்பாக்கிகளையும் வெடிமருந்தையும் கரை சேர்க்கிறான். ஒரு நாகரிகம் முழுவதும் அவனோடு தீவில் இறங்குகிறது. ஹய்யிடம் இருப்பவை கையும் கண்ணும் மட்டுமே. குரூஸோ அடிமை வாணிகத்துக்காகக் கினிக்குப் புறப்பட்ட பயணத்தில் கப்பலை இழந்தவன். பின்னாளில் தீவில் தனக்கு வாய்த்த மனிதனுக்கு வெள்ளிக்கிழமை என்று பெயரிட்டு, தன்னை 'எஜமான்' என்று அழைக்கக் கற்பிக்கிறான். ஹய்யின் தீவுக்கு வந்து சேரும் அப்ஸாலோ, பொருள்களைச் சுட்டிக்காட்டி அவனுக்கு மொழியைக் கற்பித்துவிட்டு, அவன் அடைந்த ஞானத்தை வியந்து தானே அவனுக்கு மாணவனாகிவிடுகிறான். மனிதன் மனிதனைச் சந்திக்கும் இவ்விரு காட்சிகளையும் அடுத்தடுத்துப் படிக்கும் பிள்ளைக்கு, உலக வரலாற்றின் பெரியதொரு கேள்வி தானே எழும். இதனாலேயே குரூஸோவை ஒதுக்கச் சொல்ல நாம் முன்வரவில்லை. தளராத உழைப்பையும் அன்றாட வாழ்வின் நுணுக்கத்தையும் சித்திரிப்பதில் டீஃபோவின் திறன் மறுக்க முடியாதது.

நிறையும் குறையும்

ஹய்யின் கதையில் குறைகளும் உள்ளன. நூலின் நடுப்பகுதியில் வானங்கள், உள்ளமை, முதற்காரணம் எனத் தத்துவ ஆராய்ச்சி செறிந்து வருகிறது, கதை நின்றுவிடுகிறது. பதினைந்து வயதுப் பிள்ளை இவ்விடத்தில் தளர்வது இயல்பு. அங்கே சில பக்கங்களைக் கடந்து செல்ல இசைவளிப்பதே அறிவுடைமை. ஆயினும் அப்பகுதியிலும் தவறவிடக் கூடாத ஓரிடம் உண்டு. ஹய்யு தனக்கென ஒழுக்கம் வகுத்துக்கொள்கிறான். கனியைத் தின்றால் வித்தைச் சிதைப்பதில்லை. ஓர் இனம் அற்றுப்போகும்படி எதையும் உண்பதில்லை. வாடிய செடிக்கு நீர் வார்க்கிறான். விலங்கின் காலில் தைத்த முள்ளைக் களைகிறான். சுற்றுச்சூழல் பற்றிப் பாடநூலில் படிக்கும் பிள்ளை, எட்டு நூற்றாண்டுகளுக்கு முன்னரே ஒருவர் இவ்வாறு எழுதினார் என்பதை அறிய வேண்டாமா?

மற்றொரு குறை, இக்கதையில் தாய்மானைத் தவிர நெஞ்சில் நிற்கும் பெண் உயிர் எதுவும் இல்லாமை. பேழையைக் கடலில் விட்ட அன்னை சில வரிகளோடு மறைந்துவிடுகிறாள். நம் வீட்டுப் பெண்பிள்ளை இந்நூலைப் படித்துவிட்டு, "அந்தத் தாய்க்குப் பிறகு என்ன ஆயிற்று?" என்று கேட்டால், இப்னு துஃபைல் கேளாத கேள்வியை அவள் கேட்டவளாவாள். அக்கேள்விக்கு அவளே ஒரு கதை எழுதட்டும். நாகூரில் மூன்றாம் வகுப்போடு பள்ளிப்படிப்பு நின்றுபோன சித்தி ஜுனைதா பேகம், 1938 இல் 'காதலா கடமையா' என்னும் புதினத்தை உ. வே. சாமிநாதையரின் முன்னுரையோடு வெளியிட்டார். நின்றுபோன படிப்பை வீட்டு வாசிப்பு தொடர்ந்து நடத்தியது. அடுக்களை வேலையை ஆண்பிள்ளைக்கும் பகிர்ந்தளித்தால், நம் பெண்மக்களுக்கும் நாளுக்கு ஒரு மணி நேரம் வாய்க்கும்.

நூலின் முடிவு வலிமை மிக்கது. அப்ஸாலோடு மக்கள் வாழும் தீவுக்குச் செல்லும் ஹய்யு, தான் கண்டறிந்த மெய்ம்மைகளை அவர்களுக்கு எடுத்துரைக்கிறான். அவர்கள் முகம் சுளித்து விலகுகின்றனர். அறிந்தவன் எல்லாம் அறிவிக்க வல்லவனல்லன் என்று உணர்ந்து, அவர்களிடம் பொறுத்தருள வேண்டித் தன் தீவுக்குத் திரும்புகிறான். மக்கள் மீது குற்றமா, சொன்ன முறையில் குற்றமா? ஆசிரியர்களாகிய நாமும் பெற்றோரும் பிள்ளைகளோடு சேர்ந்து விவாதிக்கத் தக்க இடம் இது.

"போட்டி மிகுந்த காலத்தில் இதற்கெல்லாம் நேரம் ஏது?" என்று பெற்றோர் கேட்பது நியாயமே. பிள்ளையின் பிழைப்பு பற்றிய அவர்களின் கவலையை நாம் எளிதாக எண்ணவில்லை. வகுப்புகளை நிறுத்தச் சொல்லவும் இல்லை. நாளில் ஒரு மணி நேரம், எவரும் கணக்குக் கேளாத நேரமாக இருக்கட்டும். ஆங்கிலம் வல்ல பிள்ளைக்கு 1972 இல் வெளிவந்த லென் குட்மனின் மொழிபெயர்ப்பு உதவும். அரபு கற்ற உஸ்தாதுமார் மஃரிபுக்குப் பின் இதனைத் தமிழில் கதையாகச் சொல்லலாம். ஹய்யை முடித்த பிள்ளை, பெற்றோரைப் பிரிந்த மற்றொரு மகனின் கதையான 'அசன்பே சரித்திரம்' நோக்கி நகரலாம். மிசுறு நாட்டில் பிறந்து பம்பாயில் வளர்ந்த அம்மகனின் கதையைச் சித்தி லெவ்வை 1885 இல் தமிழிலேயே எழுதி வைத்தார்.

ஒன்றை மட்டும் வேண்டிக்கொள்கிறோம். பிள்ளை நூலை மூடி வைத்ததும் தேர்வு நடத்தாதீர்கள். கதைச் சுருக்கம் எழுதி வரச் சொல்லாதீர்கள். சோறு உண்ணும்போது அருகில் அமர்ந்து, "மான் இறந்த இடத்தைப் படித்தாயா? உனக்கு என்ன தோன்றியது?" என்று கேளுங்கள். கேட்டுவிட்டு, பிள்ளை பேசி முடிக்கும் வரை பொறுத்திருங்கள்.