சிங்கப்பூர்க் கல்: பாறையும் எழுத்தும்

சிங்கப்பூர்த் தேசிய அரும்பொருளகத்தின் சேகரிப்பில் உள்ள மணற்கல் துண்டு ஒன்று ‘சிங்கப்பூர்க் கல்’ என வழங்கப்பெறுகிறது. ஜொகூரிலிருந்து சென்று அதனைக் கண்ட நாம், அக்கல்லைத் தமிழாய்வு எவ்வாறு அணுக வேண்டும் என்பதை ஈண்டு ஆராய்கிறோம்.

1819ஆம் ஆண்டு சிங்கப்பூர் ஆற்றின் முகத்துவாரத்தில் காடு அழிக்கப்பட்டபோது இக்கல் வெளிப்பட்டது. ஏறத்தாழ 3 மீட்டர் உயரமும் அதே அளவு அகலமும் கொண்ட பாறையில் 50 வரிகள் அளவில் எழுத்துகள் இருந்தன. 1843இல் அது வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. எஞ்சிய சில துண்டுகள் கல்கத்தாவிற்கு அனுப்பப்பட்டன. அவற்றுள் ஒன்றே பின்னர்த் திரும்பி வந்தது.

இத்துண்டின் முன் நிற்போர் எழுத்தையே தேடுகின்றனர், பாறையை நோக்குவதில்லை. தீவின் நடுப்பகுதி கருங்கல்லால் ஆனது. 1924இல் முறையாகத் திறக்கப்பெற்ற ஜொகூர்க் கடற்பாலத்திற்கு வேண்டிய கருங்கல்லும் புக்கிட் தீமா, புலாவ் உபின் ஆகிய இடங்களிலேயே வெட்டப்பட்டது. சிங்கப்பூர்க் கல்லோ மணற்கல். மழையும் உப்புக்காற்றும் அதனை எளிதில் அரிக்கும். 1822இல் ஜான் கிராஃபர்ட் கண்டபோதே எழுத்தின் பெரும்பகுதி சிதைந்திருந்தது. ஆகவே, ‘ஏன் படிக்க இயலவில்லை?’ என்னும் வினாவிற்கு விடையின் ஒரு பகுதியைப் பாறையே தருகிறது. எழுத்தை மட்டும் முன்னிறுத்தும் விளக்கம் குறையுடையதே.

இக்கல்லோடு இணைத்துப் பேசப்படும் கதை, 1612இல் ஜொகூர் அரசவையில் துன் ஸ்ரீ லானாங் தொகுத்ததாகக் கருதப்படும் ‘செஜாரா மெலாயு’வில் உள்ளது. கிலிங் நாட்டு மல்லனை வென்ற பாடாங், பெருங்கல் ஒன்றைத் தூக்கி ஆற்றுமுகத்தில் எறிந்தான். அவன் இறந்தபின் கிலிங் நாட்டு அரசன் அவன் கல்லறைக்குக் கல் அனுப்பினான். மலாய் மரபு தென்னிந்தியத் தொடர்பைத் தன் மொழியில் நினைவுகூர்ந்த வகை இது.

2019இல் இயன் சின்கிளேர் இத்துண்டில் ‘கேசரிவ’ என்னும் எழுத்துகளைக் கண்டு, ‘பரகேசரிவர்மன்’ என்னும் சோழர் பட்டப்பெயரின் பகுதியாக அது இருக்கலாம் எனக் கருதினார். மகிழ்ச்சி தரும் கருத்தே எனினும், சில எழுத்துகளைக் கொண்டு இது சோழர் கல்வெட்டு என வகுப்பறையில் முடிவுகூறுதல் பொருந்தாது. கல்வெட்டின் மொழி இன்றும் உறுதிப்படவில்லை.

ஜொகூரிலேயே இதற்கொரு பாடம் உண்டு. கிலிங் நாட்டு மன்னன் தாக்கியதாக அதே நூல் கூறும் கருநிறக் கற்கோட்டை, ‘கோத்தா கெலாங்கி’ என்னும் பெயரில் ஜொகூர்க் காட்டில் இருப்பதாக 2005இல் பெரிதும் பேசப்பட்டது. களஆய்வில் தடயம் எதுவும் கிட்டவில்லை என 2006இல் அறிவிக்கப்பட்டது. விருப்பம் முந்தினால் வெறும் பாறையும் கோட்டையாகத் தோன்றும்.

மாணவரை இக்கல்லின்முன் அழைத்துச் செல்லும் ஆசிரியர், இது எவ்வகைப் பாறை, எவ்வளவு எஞ்சியுள்ளது, இதைப் பற்றி யார் என்ன கூறினர் என்னும் மூன்றையும் முதலில் கேட்பாராக. ‘இது நம்முடையதா?’ என்பது அவற்றிற்குப் பின்னர் வரவேண்டிய வினாவாகும்.