எண் போடாத வரிசை

பவர் பொத்தானை அழுத்தியதிலிருந்து லாகின் திரை வரும் வரை கழியும் நொடிகளைப் பெரும்பாலோர் காத்திருக்கும் நேரமாகத்தான் பார்க்கிறார்கள். சர்வர்களைப் பராமரிப்பவர்களுக்கு ஓர் இயங்குதளத்தின் குணம் தெரிவதே அந்த நொடிகளில்தான். கர்னல் எழுந்து முதல் புரோகிராமை இயக்கிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். அதன்பிறகு டிஸ்க்கைச் சரிபார்க்க வேண்டும், நெட்வொர்க்கைக் கொண்டுவர வேண்டும். லாக் எழுதுவது, டேட்டாபேஸ், வெப் சர்வர் என்று பின்னணியில் ஓடவேண்டிய டீமன்கள் எல்லாம் முறைப்படி எழுந்தாக வேண்டும். எது முன், எது பின்? இந்தக் கேள்விக்கு யூனிக்ஸ் உலகம் கண்ட விடைகளில் நான் மிகவும் ரசிப்பது, நெட்பிஎஸ்டியில் பிறந்து ஃப்ரீபிஎஸ்டிக்கும் போய் வேரூன்றிய ஆர்சி.டி முறையைத்தான்.

அதற்கு முன்பு என்ன இருந்தது என்று தெரிந்தால்தான் இதன் அருமை புரியும். பழைய பிஎஸ்டியில் ஆர்சி என்று ஒரே ஒரு நீண்ட ஷெல் ஸ்கிரிப்ட். மேலிருந்து கீழே ஓடும், அவ்வளவுதான். நடுவில் ஒரு டீமனை மட்டும் நிறுத்தி மறுபடி தொடங்க அதில் வழி கிடையாது. சிஸ்டம் ஃபைவ் யூனிக்ஸின் முறையைப் பின்பற்றிய லினக்ஸ்களில் ஒவ்வொரு சேவைக்கும் தனி ஸ்கிரிப்ட் வந்தது, ஆனால் வரிசையை எண்கள் ஆண்டன. பழைய ரெட் ஹேட்டில் நெட்வொர்க்குக்கு 10, எஸ்எஸ்ஹெச்சுக்கு 55, சென்ட்மெயிலுக்கு 80, அப்பாச்சிக்கு 85. வரிசை கண்ணுக்குத் தெரியும், காரணம் தெரியாது. அப்பாச்சி ஏன் சென்ட்மெயிலுக்குப் பின்னால் நிற்கிறது, நின்றே ஆகவேண்டுமா, தற்செயலா? எண்ணைப் பார்த்து அதைச் சொல்ல முடியாது. புதிதாக ஒரு சேவையைச் சேர்ப்பவர் மற்ற எல்லா எண்களையும் படித்துப் பார்த்து ஓர் இடத்தை ஊகிக்க வேண்டியதுதான்.

2000 டிசம்பரில் வெளிவந்த நெட்பிஎஸ்டி 1.5 தனித்தனி ஸ்கிரிப்டுகளை ஏற்று, எண்களை மட்டும் ஒதுக்கியது. லூக் மியூபர்ன் அந்த வடிவமைப்பை 2001 யூஸ்னிக்ஸ் மாநாட்டில் கட்டுரையாக வாசித்தார். ஒவ்வொரு ஸ்கிரிப்டின் தலையிலும் இரண்டு மூன்று கமென்ட் வரிகள் இருக்கும். புரொவைட் என்ற வரி, நான் தருவது இது என்று சொல்லும். ரிக்வயர் என்ற வரி, எனக்கு முன் இவை முடிந்திருக்க வேண்டும் என்று சொல்லும். ஆர்சிஆர்டர் என்ற சிறு புரோகிராம் அத்தனை ஸ்கிரிப்டுகளின் கமென்ட்களையும் வாசித்து, யாருடைய தேவையும் மீறப்படாத ஒரு வரிசையைக் கணக்கிட்டுத் தரும். கல்யாணச் சமையலில் சாம்பாருக்கு யாரும் எண் போட்டு வைப்பதில்லை. பருப்பு வெந்திருக்க வேண்டும், புளி கரைத்திருக்க வேண்டும் என்று தெரிந்தால் போதும், அதன் இடம் தானே அமைந்துவிடும். இங்கே நடப்பதும் அதேதான். ஸ்கிரிப்டை எழுதுபவர் தன் சேவையை மட்டும் அறிந்திருந்தால் போதும்.

இந்த ஸ்கிரிப்டுகள் இருக்கும் ஆர்சி.டி அடைவுக்குள் உலவும்போது என்னை நின்று பார்க்க வைப்பவை, எதையுமே தொடங்காத கோப்புகள். நெட்வொர்க்கிங், சர்வர்ஸ், டீமன், லாகின் என்று பெரிய எழுத்துகளில் பெயர் வைத்துக்கொண்டு நிற்கும். திறந்தால் உள்ளே ஏறக்குறைய கமென்ட் மட்டுமே. ஆனால் முழு வரிசையும் இவற்றைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறது. போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் தனக்கு லாகின் முடிந்திருக்க வேண்டும் என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறது. அந்த ஒரு சொல்லுக்குள் டிஸ்க், நெட்வொர்க், லாக் எல்லாம் அடங்கிவிடுகின்றன. ஒன்றும் செய்யாத ஒரு கோப்பைக் கொண்டு இத்தனை பெரிய ஒழுங்கைக் கட்டலாம் என்று கண்டவரின் நிதானத்தை எண்ணி வியக்கிறேன்.

2003-ல் ஃப்ரீபிஎஸ்டி 5.0 இதை ஏற்றுக்கொண்டது. அங்கே ஒரு நுட்பம் உண்டு. நாம் தனியாக நிறுவும் மென்பொருள்களின் ஸ்கிரிப்டுகள் வேறோர் அடைவில் இருக்கும், அந்த அடைவு இன்னும் மவுன்ட் ஆகாத வேறொரு டிஸ்க்கில் இருக்கவும் கூடும். அதனால் பூட் ஆகும்போது ஆர்சிஆர்டர் இரண்டு முறை ஓடுகிறது. ஃபைல்சிஸ்டம்ஸ் என்ற கட்டம் வரை முதல் பட்டியல். அதைத் தாண்டியதும், இப்போது கண்ணுக்குத் தெரியும் புதிய ஸ்கிரிப்டுகளையும் சேர்த்துக்கொண்டு இரண்டாம் பட்டியல். கணினியை நிறுத்தும்போதோ தனி வரிசை எதுவும் தேவையில்லை. நிறுத்தும் நேரத்தில் தங்களைக் கூப்பிடச் சொன்ன ஸ்கிரிப்டுகளை மட்டும் எடுத்து, அதே வரிசையைத் தலைகீழாக ஓட்டினால் முடிந்தது.

நிர்வாகியின் பங்கு ஆர்சி.கான்ஃப் என்ற ஒரே கோப்பு. எந்தச் சேவை வேண்டுமோ அதன் பெயருக்குப் பக்கத்தில் எனேபிள், யெஸ். அவ்வளவுதான். இயல்பான அமைப்புகள் எல்லாம் இன்னொரு கோப்பில் இருக்கின்றன, அதை நாம் தொடுவதில்லை. ஆகவே ஆர்சி.கான்ஃபில் இருப்பது நாம் விரும்பி மாற்றியவை மட்டும். முன்பின் அறியாத ஒரு சர்வரில் நுழைந்தால் நான் முதலில் திறப்பது இதைத்தான். இருபது முப்பது வரிகளில் அந்த இயந்திரம் எதற்காக இருக்கிறது என்பது விளங்கிவிடும். எனேபிள் செய்யாத ஒரு சேவையைத் தொடங்கச் சொன்னால், வெறுமனே மறுத்துவிடாமல், எந்த வரியை எங்கே சேர்க்க வேண்டும் என்றும், இந்த ஒரு முறைக்கு மட்டும் என்றால் ஒன்ஸ்டார்ட் என்று சொல்லலாம் என்றும் எடுத்துச் சொல்கிறது.

குறைகளும் உண்டு. ரிக்வயர் வரி வரிசையைத்தான் சொல்கிறது. கேட்ட சேவை உண்மையில் ஓடுகிறதா என்று அது பார்ப்பதில்லை. இறந்துபோன டீமனை ஆர்சி.டி தானாக எழுப்பிவிடுவதும் இல்லை. இந்த இடத்தில் 2010-ல் லென்னார்ட் பொட்டரிங் அறிமுகப்படுத்திய சிஸ்டம்டி ஒரு படி மேலே நிற்கிறது. ஆஃப்டர் என்றால் வரிசை, ரிக்வயர்ஸ் என்றால் தேவை என்று அது இரண்டையும் பிரித்து வைத்தது கூர்மையான சிந்தனை. 2005-ல் ஆப்பிளின் லாஞ்ச்டி காட்டிய வழியில், சேவை எழும் முன்பே அதன் சாக்கெட்டைத் திறந்துவைக்கும் உத்தியையும் அது எடுத்துக்கொண்டது. வரும் கோரிக்கைகளைக் கர்னல் பிடித்து வைத்திருக்கும் என்பதால், ஒன்றுக்காக ஒன்று காத்திருக்கும் அவசியம் பெரும்பாலும் போய்விடுகிறது. நூற்றுக்கணக்கான சேவைகளை ஒரே இயந்திரத்தில் ஆளவேண்டியவர் அதைத் தேர்ந்தால் அது சரியான தேர்வே. ஆனால் தொடங்கும் முறை முழுவதையும் ஒரு மனிதர் ஒரு மாலையில் உட்கார்ந்து முதலிலிருந்து கடைசி வரை வாசித்துப் புரிந்துகொள்ள முடிவது ஆர்சி.டியில்தான். எனக்கு அதுவே பெரிது.

கையில் ஒரு ஃப்ரீபிஎஸ்டி இயந்திரம் இருந்தால், எதையும் மாற்ற வேண்டாம், ஆர்சிஆர்டர் கட்டளைக்கு ஆர்சி.டி அடைவின் கோப்புகளைக் கொடுத்து, அது தரும் பட்டியலை ஒரு முறை வாசித்துப் பாருங்கள். பிறகு அதே அடைவில் உள்ள கிரான் ஸ்கிரிப்டைத் திறங்கள். மிகச் சிறியது, தொடங்குவதற்கு நல்ல இடம்.