தைரியசாலிகளின் அசதி: பாமாவின் ‘சங்கதி’யை மீண்டும் வாசித்தல்

அம்மா இருக்கும் மகளிர் குழு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கூடும். திருமுல்லைவாயலில் ஒரு வீட்டின் மாடிப்படிக்குக் கீழே பாய் விரித்து உட்காருவார்கள். மொத்தம் பதினான்கு பேர். பாதிப்பேர் அம்பத்தூர் எஸ்டேட்டில் எக்ஸ்போர்ட் கம்பெனிகளில் தைப்பவர்கள், பிசிறு வெட்டுபவர்கள். மூன்று பேர் வீட்டு வேலைக்குப் போகிறவர்கள். ஒருவர் குப்பை வண்டியோடு போகிறவர். நோட்டைப் பிரிப்பது, பணம் எண்ணுவது, கையெழுத்துப் போடுவது எல்லாம் இருபது நிமிடத்தில் முடிந்துவிடும்.

போன வருடம் ஒருநாள் நானும் கூட இருந்தேன். ஓர் அக்கா கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்திருக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தார். “ரெண்டு மாசமா தூக்கமே வரல. நெஞ்சு மேல யாரோ ஏறி உக்காந்திருக்க மாதிரியே இருக்கு” என்றார். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு ஒருவர், “ஐயே, நீ எவ்ளோ தைரியமான பொம்பளக்கா, நீயே இப்டி பேசுனா நாங்கல்லாம் என்னா பண்றது?” என்றார். எல்லோரும் ஆமாம் போட்டார்கள். அந்த அக்காவும் சிரித்துக்கொண்டே எழுந்து போய்விட்டார்.

ஆறுதலாகச் சொன்னதுதான். ஆனால் அதோடு பேச்சு முடிந்துவிட்டது. வீட்டுக்கு வந்து பாமாவின் ‘சங்கதி’யை எடுத்தேன். கல்லூரியில் படித்தபோது அந்தப் புத்தகத்தைப் பற்றி நான் எழுதிய கட்டுரையிலும் இதே வாக்கியம்தான் வேறு சொற்களில் இருந்தது என்பது ஞாபகம் வந்தது. தலித் பெண்கள் தைரியசாலிகள், எதிர்த்து நிற்பவர்கள் என்று பக்கம் பக்கமாக எழுதியிருந்தேன். மதிப்பெண்ணும் கிடைத்தது.

‘சங்கதி’ 1994இல் வந்தது. அதற்கு இரண்டு வருடம் முன்னால் வந்த ‘கருக்கு’ ஒருத்தியின் தன்வரலாறு. ‘சங்கதி’ ஒரு தெருவின் பெண்கள் எல்லோருடைய கதையும். தொடர்ந்து போகும் ஒரே கதை என்று அதில் எதுவும் கிடையாது. வெள்ளையம்மா பாட்டி சொல்வாள், பாத்திமா கேட்பாள், கேட்டதை யோசிப்பாள், மறுபடி இன்னொருத்தியின் கதை வரும். அம்பேத்கர் நூற்றாண்டை ஒட்டித் தமிழில் தலித் இலக்கியம் பற்றிய பேச்சு சூடாக இருந்த காலம் அது. கலகம், எதிர்ப்பு, கொச்சை என்று ஒதுக்கப்பட்ட மொழியை இலக்கியத்துக்குள் கொண்டுவருவது ஆகியவைதான் அன்றைய விமர்சனத்தின் அளவுகோல்கள். அவற்றுக்கு ‘சங்கதி’ நன்றாகவே பொருந்தியது. அதனால் அந்தப் புத்தகத்திலிருந்து ஒரு காட்சி மட்டும் திரும்பத் திரும்ப எடுத்துக் காட்டப்பட்டது. அடிக்க வரும் புருஷனைத் தெருவில் நின்று வாய்க்கு வந்தபடி திட்டி, ஊர் பார்க்கச் சேலையைத் தூக்கிக் காட்டும் ராக்கம்மாவின் காட்சி அது.

அந்தக் காட்சியைக் கலகம் என்று படிப்பதில் தவறில்லை. ஆனால் பாமா அதை எப்படி எழுதியிருக்கிறார் என்று கவனித்தால், கதை சொல்கிறவளுக்கு முதலில் வருவது அருவருப்புதான். அப்புறம்தான் அவள் யோசிக்கிறாள். ராக்கம்மா அப்படிக் கத்தியிருக்காவிட்டால் அவன் அவளை அடித்தே போட்டிருப்பான் என்பது அவளுக்குப் புரிகிறது. ஆக, பாமா எழுதியது வீரத்தை அல்ல. உயிரோடு இருக்க ஒருத்தி கையில் மிச்சமிருந்த கடைசி வழியை எழுதினார். அதை வீரம் என்று பெயரிட்டது நாம்தான், வாசகர்களும் விமர்சகர்களும்.

இந்த முறை என்னை நிறுத்தியது வேறு ஒரு பகுதி. பேய் பிடிப்பதைப் பற்றிப் பாட்டி சொல்லும் கதைகள். அண்ணன்மார் கையால் காட்டில் வெட்டுப்பட்டுச் செத்த இசக்கி எப்படிப் பேயானாள் என்று பாட்டி சொல்கிறாள். பாத்திமாவுக்கு ஒரு சந்தேகம் வருகிறது. இந்தப் பேய்கள் ஏன் நம் தெருப் பொம்பளைகளையே தேடிப் பிடிக்கின்றன? ஆம்பளைகளை ஏன் விட்டுவிடுகின்றன? மேல்சாதிப் பெண்களிடம் ஏன் போவதில்லை? யோசித்து அவளே ஒரு பதிலுக்கு வருகிறாள். காட்டில் வேலை, வீட்டில் வேலை, பிள்ளைகள், ராத்திரி புருஷனின் அடியும் ஆசையும். தூங்க நேரமில்லை, தனக்கென்று ஒரு நிமிஷமில்லை. மனபலம் உள்ளவர்கள் எப்படியோ சமாளித்துவிடுகிறார்கள். முடியாதவர்களுக்கு மனம் கலங்குகிறது. அந்தக் கலக்கத்துக்கு ஊர் வைத்த பெயர்தான் பேய்.

ஒரு மனநல மருத்துவர் எழுதியிருந்தால் ஆய்வு என்று சொல்லியிருப்போம். பாமா அதைப் பாட்டிக்கும் பேத்திக்கும் நடுவிலான பேச்சாக எழுதியதால் நாட்டார் கதை என்று கடந்துபோனோம். இந்தப் பகுதியை வைத்துக்கொண்டு புத்தகத்தை முதலிலிருந்து படித்தால் அது வேறு புத்தகமாகத் தெரிகிறது. தீப்பெட்டி ஆபீசுக்குப் போகும் சின்னப்பெண் மைக்கண்ணி. கிணற்று வேலையில் விழுந்து அடிபட்ட மாரியம்மா. அவளைப் பம்புசெட்டுக்குள் இழுக்கப் பார்த்தவன் தப்பித்துக்கொள்ள, பஞ்சாயத்தில் அவள்மேல் பழி விழுகிறது. அவளுக்கு 200 ரூபாய் அபராதம், கூடச் சேர்த்துப் பேசப்பட்ட மாணிக்கத்துக்கு 100. இலங்கைக்குப் போன புருஷன் திரும்பி வராமல் தனியாகப் பிள்ளைகளை வளர்த்த வெள்ளையம்மா. இவர்கள் எல்லோருக்கும் பொதுவானது துணிச்சல் அல்ல, அசதி. உடம்பு அசதி, அதற்கும் மேல் மனசு அசதி.

ஊர்ப்புறத்துக் கதை, முப்பது வருஷத்துக்கு முந்தைய கதை என்று இதைத் தள்ளிவிட முடியாது. காலையில் பட்டரவாக்கத்தில் ரயில் நின்றதும் எஸ்டேட்டை நோக்கி வேகமாக நடக்கும் பெண்கள் கூட்டத்தைப் பார்த்தவர்களுக்கு அது தெரியும். சாயங்காலம் அதே பெண்கள் ஆவடி ரயிலில் நின்றுகொண்டே தூங்குவார்கள். இவர்களில் ஒருத்தி “மனசு சரியில்ல” என்று சொன்னால் அவளுக்கு என்ன வழி இருக்கிறது? சென்னையில் ‘கீழ்ப்பாக்கம்’ என்பது ஊர்ப் பெயருக்கு முன்னால் ஒரு வசவு. 1794இல் தொடங்கியதாகச் சொல்லப்படும் மனநல மருத்துவமனை அங்கே இருப்பது ஒன்றே அதற்குக் காரணம். அந்தப் பெயர் சொன்னால் கல்யாணம் நிற்கும், வேலை போகும். அதனால் கோயில் அல்லது தர்கா. ஏர்வாடியில் 2001 ஆகஸ்டில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் தீயில் வெந்து செத்த பிறகுதான் அந்த வழி எங்கே போய் முடியக்கூடும் என்று நாடு திரும்பிப் பார்த்தது.

அதே சமயம் கோயிலையும் ஜெபக் கூட்டத்தையும் மூடநம்பிக்கை என்று ஒரே வார்த்தையில் ஒதுக்கவும் எனக்கு மனம் வரவில்லை. ஆடி மாசம் திருவேற்காட்டில் கருமாரி சந்நிதியில் அருள் வந்து ஆடும் பெண்ணை யாரும் தடுப்பதில்லை. அந்தப் பத்து நிமிடம் அவள் கத்தலாம், அழலாம், மாமியாரைப் பெயர் சொல்லிக் கூப்பிடலாம். ஆவடிப் பக்கத்துச் சின்னச் சின்ன சபைகளில் சாட்சி சொல்ல எழுந்து நிற்கும் பெண் குடிகாரப் புருஷனைப் பற்றி முப்பது பேர் முன்னால் பேசுகிறாள். முப்பது பேரும் கேட்கிறார்கள். நமக்குத் தெரிந்த கவுன்சிலிங் எதுவும் அவளுக்குக் கொடுக்காத ஒன்று அங்கே கிடைக்கிறது. ஆனால் அங்கேயும் பேசுவது சாமி, அல்லது துன்பம் தீர்ந்துவிட்டது என்று சொல்கிற விசுவாசி. தீராத துன்பத்தைத் தன் பெயரிலேயே சொல்ல அவளுக்கு இன்னும் இடமில்லை.

இந்த இடத்தில்தான் அமெரிக்கக் கறுப்பினப் பெண்களின் அனுபவம் நமக்கு உதவும் என்று நினைக்கிறேன். சாதியும் நிறவெறியும் ஒன்றல்ல. ஆனால் வேலை செய்தே தேயும் பெண்ணை ‘இரும்புப் பெண்’ என்று பாராட்டி அவள் வாயை மூடுவது இரண்டு இடத்திலும் நடந்திருக்கிறது. மிஷேல் வாலஸ் 1979இலேயே இந்த ‘சூப்பர்வுமன்’ கட்டுக்கதையைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். கடும் எதிர்ப்பு வந்தது, சொந்த ஆட்களிடமிருந்தும்தான். 1983இல் பிலி ஏவரி என்பவரின் முயற்சியில் அட்லாண்டாவின் ஸ்பெல்மன் கல்லூரியில் கறுப்பினப் பெண்களின் உடல்நலம் பற்றி ஒரு மாநாடு கூடியது. ஏறக்குறைய 2,000 பெண்கள் வந்தார்கள். அதிலிருந்து வளர்ந்த அமைப்பு ஊர் ஊராகச் சின்னக் குழுக்களை உண்டாக்கியது. பெண்கள் வட்டமாக உட்கார்ந்து, யாரிடமும் சொல்லாததைச் சொல்வார்கள். ரத்த அழுத்தத்தில் தொடங்கும் பேச்சு வீட்டில் வாங்கும் அடியில் வந்து நிற்கும். அந்தக் குழுக்களுக்கு அவர்கள் வைத்த பெயர் ‘செல்ஃப் ஹெல்ப் குரூப்’.

தமிழில் சொன்னால் சுய உதவிக் குழு. நமக்கு நன்றாகத் தெரிந்த சொல். 1989இல் தருமபுரியில் தொடங்கி, பின்பு மகளிர் திட்டமாக மாநிலம் முழுக்கப் பரவியது. 12 முதல் 20 பேர், சேமிப்பு, உள்கடன், வங்கிக்கடன். அதனால் எத்தனையோ பெண்கள் வட்டிக்காரனிடமிருந்து தப்பித்தார்கள், முதல் முறையாகப் பேங்குக்குள் போனார்கள், கையெழுத்துப் போடக் கற்றார்கள். என் அம்மாவும் அப்படித்தான். அதைக் குறைத்துச் சொல்ல எனக்கு உரிமையில்லை. ஆனால் அதே பெயர், அதே வட்டம், ஏறக்குறைய அதே எண்ணிக்கை. அங்கே மனசைப் பேச உட்கார்ந்தார்கள், இங்கே தவணையைப் பேச உட்கார்ந்தோம். தவணை கட்ட முடியாதவளுக்காக மற்றவர்கள் பொறுப்பேற்கும் இடத்தில், ஒருத்தியின் தூக்கமின்மை எல்லோருக்கும் பயமாகத்தான் மாறும். ‘நீயே இப்டி பேசுனா’ என்பதில் அந்தப் பயமும் கலந்திருக்கிறது.

பெல் ஹூக்ஸ் தன்னிடம் படித்த கறுப்பின மாணவிகளுக்காக ஓர் ஆதரவுக் குழு நடத்தினார். 1993இல் வந்த அவருடைய புத்தகத்துக்கு அந்தக் குழுவின் பெயரே தலைப்பு: ‘சிஸ்டர்ஸ் ஆஃப் தி யாம்’. வள்ளிக்கிழங்கின் சகோதரிகள் என்று சொல்லலாம். பசியாற்றுவது, மருந்தாவது என்பதால் கிழங்கு. சுயமாகத் தேறுவது என்பது தனியாகத் தேறுவது அல்ல என்பதுதான் புத்தகத்தின் சாரம். ஆட்ரி லார்ட், புற்றுநோய் கல்லீரலுக்குப் பரவிய பிறகு எழுதிய குறிப்புகளை 1988இல் புத்தகமாக்கினார். தன்னைப் பேணிக்கொள்வதைச் சொகுசு என்று அவர் நினைக்கவில்லை. சாகக் கிடக்கிற, ஆனால் போராட்டத்தை விடாத ஒருத்தி உயிரைப் பிடித்து வைத்திருக்கும் வேலை அது. இன்று ‘செல்ஃப் கேர்’ என்றால் மாலில் இருக்கும் ஸ்பாவும் முகத்தில் பூசும் களிம்பும் நினைவுக்கு வருகின்றன. சொல்லின் பிறப்பிடத்தை மறந்துவிட்டு, அதெல்லாம் பணக்காரப் பெண்களின் சமாச்சாரம் என்று நம் ஆட்களும் கைகழுவுகிறார்கள்.

1972இல் பம்பாயில் தலித் பேந்தர்கள் கறுப்புச் சிறுத்தைகளின் பெயரை எடுத்துக்கொண்டார்கள். பிறகு தமிழ்நாட்டிலும் அந்தப் பெயர் வேர்விட்டது. அந்தப் பெயர் தந்த நிமிர்வு சாதாரணமானதல்ல. ஆனால் சிறுத்தையைக் கொண்டுவந்த நாம் கிழங்கைக் கொண்டுவரவில்லை. நம் விமர்சனமும் சிறுத்தையின் கண்ணோடுதான் ‘சங்கதி’யைப் படித்தது. உறுமுகிற இடமெல்லாம் கண்ணில் பட்டது. அசந்துபோய்ப் படுத்த இடம் படவில்லை.

இதில் பாமாவுக்கும் பங்கு உண்டு என்பதைச் சொல்லத்தான் வேண்டும். பேய்ப் பகுதியில் அவ்வளவு தூரம் போன பாத்திமா, கண்டுபிடித்த உண்மையோடு அங்கேயே நிற்காமல், நாம் மனபலத்தை வளர்த்துக்கொள்ள வேண்டும் என்ற பக்கம் நகர்ந்துவிடுகிறாள். புத்தகத்தின் பின்பகுதியில், நம் பெண்கள் உழைத்துச் சம்பாதிக்கிறார்கள், சிரிக்கிறார்கள், பாடுகிறார்கள் என்ற பெருமிதம் ஓங்குகிறது. அந்தப் பெருமிதம் நியாயமானது. அழுகையை மட்டுமே எதிர்பார்த்து வரும் மேல்சாதி வாசகருக்கு அது தேவையான பதிலும்கூட. ஆனாலும் பலமில்லாதவள் என்ன ஆனாள் என்ற கேள்வியைப் புத்தகம் எழுப்பிவிட்டுப் பாதியில் விட்டுவிடுகிறது. கடைசியில் தனியாக வாழும் கதைசொல்லி வாடகை வீடு கிடைக்காமல் படும் பாட்டைச் சொல்லும் இடத்திலும், அவள் மனம் எப்படி இருக்கிறது என்று அவளையும் யாரும் கேட்பதில்லை.

இருந்தாலும் அந்தக் கேள்விக்கான பதில் புத்தகத்தின் வடிவத்திலேயே இருக்கிறது. கதை முழுக்கப் பெண்கள் உட்கார்ந்து பேசுகிறார்கள். பாட்டி சொல்வதற்கு இடையில் பாத்திமா குறுக்கே கேட்கிறாள், பாட்டி திட்டுகிறாள், மறுபடி சொல்கிறாள். யாரும் யாரையும் ‘நீ தைரியசாலி’ என்று சொல்லி எழுப்பி அனுப்பவில்லை. ஏவரியின் மாநாட்டைப் பற்றிக் கேள்விப்படாத ஒரு தெருவில், அந்த வட்டம் ஏற்கெனவே இருந்திருக்கிறது. அதை நாம் புதிதாக இறக்குமதி செய்ய வேண்டியதில்லை. நோட்டை மூடிய பிறகு இன்னும் அரை மணி நேரம் பாயிலேயே உட்கார்ந்திருந்தால் போதும்.

போன மாதம் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். அந்த அக்கா மூன்று வாரம் குழுவுக்கு வரவில்லை. பணத்தை மட்டும் மகளிடம் கொடுத்தனுப்பினார். தவணை தவறாததால் யாரும் எதுவும் கேட்கவில்லை. நாலாவது வாரம் அம்மா நேரே அவர் வீட்டுக்குப் போனார். என்ன பேசினீங்க என்று கேட்டேன். “நான் ஒண்ணும் பேசல. அவ பேசுனா, கேட்டுட்டு வந்தேன்” என்றார். இப்போது அம்மா வாராவாரம் போகிறார். சில நாள் ரசம் எடுத்துக்கொண்டு, சில நாள் சும்மா. அந்த அக்காவுக்கு இன்னும் சரியாகத் தூக்கம் வரவில்லை. அடுத்த வாரம் இரண்டு பேருமாக அரசு ஆஸ்பத்திரிக்குப் போய் மனநல டாக்டரைப் பார்க்கலாம் என்று பேசி வைத்திருக்கிறார்கள். எஸ்டேட்டில் அரைநாள் லீவு கிடைக்குமா என்பதுதான் இன்னும் தெரியவில்லை.