விவாத மேடையும் வெளியே நின்றவர்களும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியில் அமெரிக்கக் கல்லூரிப் படிப்பு என்றால் பெரும்பாலும் ஒப்பித்தல்தான். அதிகாலையில் மணியடிக்கும், சிற்றாலய வழிபாடு முடிந்ததும் கிரேக்கம், லத்தீன், கணிதம். மனப்பாடம் செய்து வந்ததை மாணவன் எழுந்து சொல்வான், ஆசிரியர் மதிப்பிடுவார். மனத்தைப் பயிற்றுவிக்க இதுவே வழி என்று 1828இல் யேல் கல்லூரியின் அறிக்கை வாதாடியது. இரண்டே ஆண்டில் அங்கே கூம்பு வளைவுப் பாடத்தை நடத்திய முறையை எதிர்த்து மாணவர்கள் முரண்டு பிடித்தார்கள். நாற்பதுக்கும் மேற்பட்டோர் வெளியேற்றப்பட்டார்கள்.

வாய்விட்டுப் பேச அவர்களுக்கு இருந்த இடம் இலக்கியச் சங்கங்கள். யேலில் லினோனியா, பிரின்ஸ்டனில் விக், வட கரோலினாவில் டயலெக்டிக் என்று பல. சொந்த நூலகம், சொந்த விதிகள், வராதவனுக்கு அபராதம். இச்சங்கங்கள் பாடத்திட்டத்தையே விரிவாக்கின என்று வரலாற்றாசிரியர் ஃபிரெடரிக் ருடால்ஃப் 1962இல் எழுதினார். தாமஸ் ஹார்டிங் 1971இல் அவற்றுக்கெனவே ஒரு நூல் தந்தார். இருவருக்கும் நாம் கடன்பட்டிருக்கிறோம். ஆனால் சங்கங்களின் மினிட் புத்தகங்களை மட்டும் நம்பினால் உள்ளே உட்கார்ந்திருந்தவர்களின் கதைதான் கிடைக்கும். கல்லூரியால் பொறுக்க முடியாத விவாதங்களையே கல்லூரி வரலாற்றாய்வின் நடுவில் வைக்க வேண்டும் என்பது என் கருத்து.

1834 பிப்ரவரியில் சின்சினாட்டியின் லேன் இறையியல் கல்லூரியில் பதினெட்டு மாலைகள் விவாதம் நடந்தது. அடிமை முறையை உடனே ஒழிக்க வேண்டுமா? கறுப்பினத்தவரை ஆப்பிரிக்காவுக்கு அனுப்பும் குடியேற்றச் சங்கத்தை ஆதரிக்கலாமா? அடிமைகளை வைத்திருந்த குடும்பங்களின் பிள்ளைகளே எழுந்து தம் வீடுகளில் கண்டதைச் சொன்னார்கள். உழைத்துப் பணம் சேர்த்துத் தன்னையே விலைகொடுத்து மீட்டுக்கொண்ட ஜேம்ஸ் பிராட்லி ஏறக்குறைய இரண்டு மணி நேரம் பேசினார். அறங்காவலர்கள் மாணவர்களின் அடிமை எதிர்ப்புச் சங்கத்தைக் கலைக்கச் சொன்னார்கள். மாணவர்களில் பெரும்பாலோர் கல்லூரியைவிட்டே வெளியேறினர். அவர்களில் பலர் 1835இல் ஓபர்லின் கல்லூரிக்குப் போனார்கள், கறுப்பின மாணவர்களைச் சேர்க்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. ஓபர்லின் அறங்காவலர் குழுவில் வாக்குகள் சரிபாதியாகப் பிரிய, தலைவர் ஜான் கீப்பின் ஒற்றை வாக்கு அந்தக் கதவைத் திறந்தது.

அதே ஓபர்லினில், 1837 முதல் பட்டப்படிப்பில் பெண்களைச் சேர்த்துக்கொண்ட ஓபர்லினில், பேச்சுக்கலை வகுப்பில் ஆண்கள் விவாதிப்பார்கள். பெண்கள் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். இதை ஏற்காத மாணவிகள் லூசி ஸ்டோனும் ஆன்டாய்னெட் பிரவுனும். அவர்கள் இருவரும் எதிரெதிர் நின்று வாதிட அனுமதித்த பேராசிரியர் ஜேம்ஸ் தோம், முன்பு லேன் மேடையில் பேசிய கென்டக்கி இளைஞர். மகளிர் கண்காணிப்புக் குழு உடனே அதற்குத் தடை போட்டது. அதன்பின் தோழிகள் சிலர் காட்டுக்குள்ளும், ஊரோரத்தில் ஒரு முதிய கறுப்பினப் பெண்ணின் வீட்டிலும் ரகசியமாகக் கூடி வாதிட்டார்கள். லூசியின் மகள் ஆலிஸ் 1930இல் எழுதிய வாழ்க்கை வரலாற்றில் இதைப் படிக்கும்போது, எந்த மினிட் புத்தகத்திலும் ஏறாமல் போன விவாதங்கள் எத்தனை இருக்கும் என்று மனம் கனக்கிறது. 1847 பட்டமளிப்பு விழாவுக்குக் கட்டுரை எழுத லூசி தேர்ந்தெடுக்கப்பட்டார். மேடையில் அதை ஓர் ஆண்தான் வாசிக்க முடியும் என்றபோது எழுதவே மறுத்துவிட்டார்.

ஹெலன் ஹொரோவிட்ஸ் 1987இல் மாணவ உலகைக் கல்லூரி ஆண்கள், வெளியாட்கள், கலகக்காரர்கள் என்று பிரித்துப் பார்த்தபோதுதான் இத்தகையவர்களுக்கு ஆய்வில் ஓர் இடம் பிறந்தது. மேரி கெல்லி 2006இல் பெண்கள் கல்விக்கூடங்களுக்கும் அவர்களின் வாசிப்பு வட்டங்களுக்கும் போனார். கடிதங்களையும் நாட்குறிப்புகளையும் சான்றாக்கினார். பிராட்லியையும், வீட்டைத் திறந்துவிட்ட அந்த முதியவளையும் தேடிப் போக வேண்டியவர்களுக்கு இந்த வழிதான் உதவும்.