கட்டைவிரலுக்கு ஒரு கிதார்: யமஹா எஃப்280

மார்டள்ளிக்குக் கிதார் அந்நியப் பொருள் அல்ல. மாதேஸ்வரன் மலைப் பக்கம், ஹனூர் தாலுகாவில், கன்னட நாட்டுக்குள் தமிழ் பேசும் கத்தோலிக்க ஊர் இது. 1997இல் சாமராஜநகர் தனி மாவட்டமாகப் பிரியும்வரை மைசூர் மாவட்டத்தில் இருந்தது; மறைமாவட்டம் இன்றைக்கும் மைசூர்தான். இரண்டாம் வத்திக்கான் சங்கம் (1962–65) வழிபாட்டை மக்கள் மொழிக்குத் திறந்துவிட்ட பிறகு, தமிழ்க் கத்தோலிக்க ஊர்களின் பாடகர் குழுக்களில் ஆர்மோனியத்தோடு தபேலாவும் கீபோர்டும் கிதாரும் சேர்ந்துகொண்டன. ஜி, சி, டி என்று நாலைந்து கார்டு தெரிந்த பையன் எல்லாக் குழுவிலும் ஒருவன் இருப்பான்.

அந்தப் பையனுக்கு அமெரிக்கத் தெற்கின் ப்ளூஸ் இசையை வாசிக்க ஆசை வந்தால் என்ன வாங்குவது, எதைத் தவிர்ப்பது? இந்த விமர்சனம் அவனுக்காக. சோதித்த பொருட்கள்: யமஹா எஃப்280 என்ற அகோஸ்டிக் கிதார், கிதாரின் தலையில் மாட்டும் கிளிப் டியூனர், செல்போனில் கற்றுத் தரும் பாடங்கள். மின்சாரக் கிதாரும் ஆம்ப்ளிஃபயரும் இந்தப் பேச்சில் இல்லை. கரண்ட் போனாலும் வாசிக்க முடிவதே அகோஸ்டிக்கின் முதல் தகுதி.

முதலில் ஒரு விஷயம். கோயில் பாட்டுக்குக் கிதார் வாசிப்பதும் அகோஸ்டிக் ப்ளூஸ் வாசிப்பதும் வலது கைக்கு இரண்டு வேறு வேலைகள். முதலாவது ஸ்ட்ரம்மிங்: பிக்கைப் பிடித்து ஆறு கம்பியையும் மேலும் கீழும் வருடுவது. இரண்டாவதில் கட்டைவிரல் தனி ஆள். அது கீழ்ஸ்தாயிக் கம்பிகள் மூன்றில் தாளத்தை நடத்திக்கொண்டே இருக்கும். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மேல்ஸ்தாயிக் கம்பிகளில் பாட்டுச் சொல்லும். ஒரே ஆள் மிருதங்கமும் வாய்ப்பாட்டும் ஆக வேண்டும். லைட்னின் ஹாப்கின்ஸ், மான்ஸ் லிப்ஸ்கோம்ப் போன்ற டெக்சாஸ்காரர்கள் ஒரே பாஸ் கம்பியை ஒவ்வொரு அடிக்கும் தட்டிக்கொண்டே போவார்கள். மிசிசிப்பி ஜான் ஹர்ட்டின் கட்டைவிரல் இரண்டு பாஸ் கம்பிகளுக்கிடையே மாறி மாறி நடக்கும். ஆரம்பக்காரருக்கு முன்னவர் வழியே எளிது.

ஆகவே ப்ளூஸுக்குக் கிதார் பார்க்கிறவர் கேட்க வேண்டிய கேள்வி, "சத்தம் எப்படி?" என்பது அல்ல. இந்தக் கம்பிகளை என் விரல் நாள் முழுக்கத் தாங்குமா என்பதுதான்.

எஃப்280, சென்னைக்கு அருகே 2019இல் உற்பத்தி தொடங்கிய யமஹா ஆலையில் இந்தியச் சந்தைக்காகத் தயாராகும் மாடல். பிராண்ட் ஜப்பானுடையது, பொருள் தமிழ்நாட்டுத் தயாரிப்பு. விலை கடைக்குக் கடை மாறும், பத்தாயிரம் ரூபாயை ஒட்டி நிற்கும். இந்த விலையில் முகப்புப் பலகை பெரும்பாலும் முழு மரமாக இருக்காது. ஸ்ப்ரூஸ் ஒட்டுப் பலகைதான். பெரிய கிதார் வல்லுநர்கள் இதைக் கேட்டு முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும். ஒட்டுப் பலகைக்கு ஓசை கொஞ்சம் குறைவு, ஆயுள் கெட்டி. பங்குனி வெயிலில் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழேயும், ஐப்பசி மழையில் ஈரச் சுவருக்குப் பக்கத்திலும் இருக்கப்போகிற பொருள் அது. முழு மரப் பலகைக் கிதார் அந்த மாற்றத்தில் வெடிப்பு விடும் அபாயம் அதிகம்.

அதைவிட முக்கியமான எண் 634. மேல் நட்டிலிருந்து கீழ் பிரிட்ஜ் வரை கம்பியின் அதிரும் நீளம் 634 மில்லிமீட்டர். இதே நிறுவனத்தின் எஃப்ஜி800 போன்ற மாடல்களில் இது 650. பதினாறு மில்லிமீட்டர் பெரிய விஷயமா என்று தோன்றும். நீளம் குறைந்தால் அதே சுருதிக்குக் கம்பியை அவ்வளவு இழுத்துக் கட்ட வேண்டாம். விரலுக்கு வலி குறையும், கம்பியைத் தள்ளி வளைப்பதும் எளிது. ப்ளூஸில் கம்பியை வளைக்காமல் வேலை நடக்காது. கையில் எடுத்து உட்கார்ந்து வாசித்தபோது இந்த வித்தியாசம் தெளிவாகவே தெரிந்தது. உடல் மட்டும் அகலமானது. சின்ன உருவம் உள்ளவர்கள், பள்ளிப் பிள்ளைகள், வலது தோளைத் தூக்கிக்கொண்டுதான் வாசிக்க வேண்டிவரும். அவர்கள் இதைவிடச் சிறிய உடல் உள்ளதைப் பார்ப்பது நல்லது. ப்ளூஸ்காரர் ராபர்ட் ஜான்சனின் புகழ்பெற்ற ஸ்டுடியோப் படத்தில் அவர் மடியிலிருக்கும் கிப்ஸன் எல்-1கூடச் சின்ன உடல் கிதார்தான்.

ஓசை? உள்ளங்கையின் ஓரத்தைப் பிரிட்ஜ் மேல் லேசாக வைத்து, ஆறாம் கம்பியைக் கட்டைவிரலால் தட்டினால் "தும், தும்" என்று குறுகிய, மரத்தனமான சத்தம் வருகிறது. நீண்டு ரீங்கரிக்கவில்லை. மெல்லிசைக்கு இது குறை. ப்ளூஸுக்கு இதுதான் வேண்டும். 1920, 30களில் அமெரிக்கத் தெற்கின் பருத்திக் காட்டுக் கூலிகளும் தெருப் பாடகர்களும் வாசித்ததில் பெரும்பகுதி தபால் வழி அட்டவணையில் வந்த மலிவுக் கிதார்கள். ஸ்டெல்லா என்ற பெயர் அந்த வரலாற்றில் திரும்பத் திரும்ப வரும். விலை உயர்ந்த கிதாரில்தான் ப்ளூஸ் வரும் என்று எவராவது சொன்னால் அவர் கடைக்காரர் என்று புரிந்துகொள்ளுங்கள்.

எஃப்280 என்றில்லை, இந்த விலையில் எந்தக் கிதாரை வாங்கினாலும் கம்பி உயரத்தைக் கடையிலேயே பாருங்கள். பன்னிரண்டாம் ஃப்ரெட்டில், ஃப்ரெட்டுக்கும் ஆறாம் கம்பிக்கும் நடுவே இடைவெளி இரண்டரை மில்லிமீட்டரை ஒட்டி இருந்தால் நல்லது. மூன்றைத் தாண்டினால் விரல் நோகும். பிறகு ஒவ்வொரு கம்பியையும் மூன்றாம் ஃப்ரெட்டில் அழுத்திக்கொண்டு முதல் ஃப்ரெட்டைப் பாருங்கள். அங்கே கம்பிக்குக் கீழே ஒரு மயிரிழை இடைவெளிதான் இருக்க வேண்டும். அதிகம் இருந்தால் நட்டின் பள்ளம் ஆழம் போதாது. அரம் வைத்து இறக்க வேண்டும். கடைசியாக, பன்னிரண்டாம் ஃப்ரெட்டின் மேல் விரலைத் தொட்டும் தொடாமலும் வைத்து வரும் மணியோசையும், அதே இடத்தில் அழுத்தினால் வரும் சுரமும் ஒன்றாக இருக்கிறதா என்று டியூனரில் சரிபாருங்கள். இந்த வேலைக்கு செட்டப் என்று பெயர். மைசூரிலோ பெங்களூரிலோ கைதேர்ந்த ஆளைப் பிடித்துச் செய்துகொள்ளுங்கள். கூடவே 12 கேஜ் கம்பியைக் கழற்றிவிட்டு, அதைவிட மெல்லிய 11 கேஜ் கட்டச் சொல்லுங்கள். மொத்தச் செலவில் மிகப் பெரிய பலன் தருவது இந்தச் சின்னத் தொகைதான். விரல் வலியால் கிதாரைப் பரணில் ஏற்றியவர்களில் பலருக்கு வலித்தது கம்பி உயரத்தால். திறமைக் குறைவால் அல்ல.

கிளிப் டியூனரைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, வாங்கிவிடுங்கள். சில நூறு ரூபாய். செல்போன் டியூனர் ஆப்கள் மைக் வழியாகக் கேட்கின்றன. பாட்டுப் பயிற்சி நடக்கும் அறையில், தகரக் கூரையில் மழை கொட்டும்போது, அவற்றின் முள் தள்ளாடும். கிளிப் டியூனர் மரத்தின் அதிர்வை உணர்வதால் பக்கத்தில் யார் பாடினாலும் அதற்குக் கவலையில்லை. ஊரில் பட்டன் பேட்டரி உடனே கிடைக்காமல் போகலாம், ஒன்று கூடுதலாக வாங்கி வையுங்கள்.

இனி பாடங்கள். ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் பிறந்த ஜஸ்டின் சாண்டர்கோ 2003இலிருந்து நடத்திவரும் ஜஸ்டின் கிதார், ஆரம்பக்காரருக்கு இன்றும் முதல் சிபாரிசு. தளத்தில் பாடங்கள் இலவசம்; ஆப்புக்குச் சந்தா உண்டு. 12 பார் ப்ளூஸ் தொடக்கப் பாடங்களிலேயே வந்துவிடுகிறது. பேச்சு முழுக்க ஆங்கிலம் என்பது கன்னடம் அல்லது தமிழ்வழியில் படித்தவருக்கு ஒரு தடைதான். ஆனால் மனிதர் நிதானமாகப் பேசுகிறார், கை தெளிவாகத் தெரிகிறது. பாதி புரிந்தாலும் போதும். மலைப் பக்கத்து சிக்னலை நம்பாமல், நெட்வொர்க் நன்றாக இருக்கும் இடத்தில் இறக்கி வைக்க வழி இருந்தால் இறக்கிக்கொள்ளுங்கள்.

வேறொரு வகை ஆப் உண்டு. திரையில் கட்டங்கள் ஓடிவரும், சரியாக அடித்தால் மதிப்பெண், நட்சத்திரம், பாராட்டு. பெயர் வேண்டாம், எல்லாம் ஒரே குடும்பம். ஒரு சுரம், ஒரு கார்டு என்று போகும்வரை நன்றாகவே வழிநடத்துகின்றன. கட்டைவிரல் பாஸும் மேல் விரல் சுரமும் ஒன்றாக வரும்போதுதான் சிக்கல். பாஸைக் கையால் அமுக்கினேனா, நீட்டினேனா என்பது மைக்குக்குத் தெரியாது. ப்ளூஸில் மதிப்பெண் போட வேண்டியதே அதற்குத்தான். முதல் ஆறு மாதத்துக்கு இவற்றுக்குச் சந்தா கட்டாதீர்கள்.

எந்த ஆப்பும் சொல்லாத ஒன்று நம் பக்கம் கிடக்கிறது. இ சுருதியில் ப்ளூஸ் வாசிக்கப் பயன்படும் ஐந்து சுரங்கள் இ, ஜி, ஏ, பி, டி. இ-யைச் சட்ஜமாக வைத்துப் பாடிப் பாருங்கள்: ச, சாதாரண காந்தாரம், சுத்த மத்யமம், பஞ்சமம், கைசிகி நிஷாதம். சுத்த தன்யாசி! அடியில் ஒலிக்கும் இ7 கார்டிலோ அந்தர காந்தாரம் இருக்கிறது. மேலே ஒரு காந்தாரம், கீழே இன்னொரு காந்தாரம். கச்சேரி மேடையில் இது பிழை, ப்ளூஸில் இதுதான் உயிர். இதைக் கையில் பிடிக்க எளிய வழி உண்டு. இ7 கார்டைப் பிடித்துக்கொண்டு, மூன்றாம் கம்பியைத் திறந்தபடி மீட்டி, அதிர்வு அடங்கும் முன் முதல் ஃப்ரெட்டில் ஆள்காட்டி விரலைப் பதியுங்கள். சாதாரண காந்தாரம் அந்தரத்துக்கு ஏறும். கட்டைவிரல் ஆறாம் கம்பியில் நடந்துகொண்டே இருக்கட்டும். ப்ளூஸ் கேட்ட மாதிரி இருக்கும், அன்றைக்கே.

தாளமும் அப்படியே. ஷஃபிள் என்று அவர்கள் சொல்வதை நாம் திஸ்ர நடையில் எண்ணலாம். ஒவ்வொரு அடியையும் "தகிட" என்று மூன்றாகப் பிரித்து, முதலாவதையும் மூன்றாவதையும் மட்டும் வாசித்து நடுவிலுள்ளதை விழுங்கிவிடுங்கள். நாலு அடிக்கு ஒரு பார், பன்னிரண்டு பாருக்கு ஒரு சுற்று: இ-யில் நாலு, ஏ-யில் இரண்டு, மறுபடி இ-யில் இரண்டு, பி7 ஒன்று, ஏ ஒன்று, இ-யில் இரண்டு. எஃப் என்கிற, ஆரம்பக்காரரை அழவைக்கும் பாரே கார்டு இதில் வரவே இல்லை. பி7 மட்டும் கொஞ்சம் படுத்தும். மெட்ரோனோமை 60இல் வைத்துத் தொடங்குங்கள்; 60 மெதுவாகத் தெரிந்தால் நீங்கள் ஓடுகிறீர்கள் என்று அர்த்தம்.

கேட்பதற்கு? ஜான் ஹர்ட் 1928இல் பதிவுசெய்த பாட்டுகளிலிருந்து தொடங்கலாம். பிறகு மைசூருக்கே வந்துவிடலாம். மைசூரில் 1967இல் பிறந்த சித்திரவீணை ரவிகிரண், மோகன வீணை விஸ்வமோகன் பட், தாஜ் மஹால் என்ற மேடைப் பெயர் கொண்ட அமெரிக்க ப்ளூஸ்காரர் மூவரும் சேர்ந்து செய்த ஆல்பம் 1995இல் வந்தது. பெயர் 'மும்தாஜ் மஹால்' (பெயர் வைத்தவருக்கு நகைச்சுவை உணர்வு உண்டு). ஃப்ரெட்டே இல்லாத சித்திரவீணையின் வழுக்கலும் ப்ளூஸ் கிதாரின் வளைவும் ஒரே தெருவில் நடப்பதைக் கேட்கலாம். விஸ்வமோகன் பட் அதற்கு முன்பே அமெரிக்கக் கிதார் கலைஞர் ரை கூடருடன் செய்த 'எ மீட்டிங் பை த ரிவர்' 1994இல் கிராமி பெற்றது. அதைப் பதிவுசெய்த இடம் கலிபோர்னியாவில் ஒரு குருமடத்துச் சிற்றாலயம். பாடகர் குழுப் பிள்ளைகளுக்கு இது பிடிக்கும் என்று நினைக்கிறேன்.

தீர்ப்பு: செட்டப் செய்து 11 கேஜ் கம்பி கட்டிய எஃப்280க்குப் பத்துக்கு ஏழரை. செட்டப் செய்யாமல் இந்த விலையில் எதை வாங்கினாலும் ஐந்துக்கு மேல் கொடுக்க மாட்டேன். டியூனருக்கு ஒன்பது. ஜஸ்டின் பாடங்களுக்கு எட்டு. தமிழில் இருந்தால் பத்து. வீட்டிலோ பாடகர் குழுவின் அலமாரியிலோ பழைய கிதார் ஒன்று கிடந்தால் புதிது வாங்க வேண்டாம். கழுத்து வளையாமல் இருக்கிறதா என்று பாருங்கள், கம்பியை மாற்றுங்கள், பிக்கைப் பெட்டியில் போட்டு மூடுங்கள்.