காற்றிலா, கையிலா?

அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் ஹார்ட்ஃபோர்டு நகரத்து பேஸ்பால் அணி யார்ட் கோட்ஸ். 2019இல் அந்த அணி, தன் மைதானத்தில் இனி வேர்க்கடலை கிடையாது, கடலை கலந்த கிராக்கர் ஜாக் என்ற பாகுப்பொரியும் கிடையாது என்று அறிவித்தது. அங்கே இது சின்ன சங்கதி இல்லை. ஏழாவது இன்னிங்ஸின் நடுவே அரங்கமே எழுந்து பாடும் 1908ஆம் ஆண்டுப் பாட்டில் இந்த இரண்டு தின்பண்டமும் பெயரோடு வருகின்றன. சிலருடைய ஒவ்வாமைக்காக எல்லாருடைய வாயையும் கட்டுவதா என்று கேட்பவர்கள் இருக்கத்தான் செய்வார்கள். கேள்வி நியாயமானது, ஆராயாமல் ஒதுக்க முடியாது.

தடை கேட்பவர்கள் பெரும்பாலும் காற்றைக் காட்டித்தான் பயப்படுகிறார்கள். அந்தப் பயத்துக்கு ஆதாரம் குறைவு. 2003இல் வெளிவந்த ஓர் ஆய்வில், கடும் ஒவ்வாமை உள்ள 30 குழந்தைகளின் முகத்தருகே வேர்க்கடலை வெண்ணெயை 10 நிமிடம் வைத்துப் பார்த்தார்கள். யாருக்கும் மூச்சுத் திணறவில்லை. தோலில் வைத்தபோது சிலருக்குப் பட்ட இடம் சிவந்தது, அரித்தது, அதோடு சரி. மூக்கில் ஏறும் கடலை வாசனையில் புரதம் இல்லை, வினை செய்வதோ புரதம்தான்.

ஆனால் பேஸ்பால் மைதானத்தில் விற்பது வெண்ணெய் இல்லை, ஓட்டோடு வறுத்த கடலை. 2013இல் வந்த இன்னொரு ஆய்வு, ஓட்டை உடைக்கும் கணத்தில் அதற்கு நேர் மேலே உள்ள காற்றில் புரதம் இருப்பதையும், சற்று நேரத்தில் அது அடங்கிவிடுவதையும் கண்டது. ஒருவர் உடைத்தால் அடங்கும். ஆயிரம் பேர் மூன்று மணி நேரம் உடைத்துக்கொண்டே இருந்து, ஓட்டைக் காலடியிலேயே போட்டு மிதித்தால்? ஆய்வறையின் கணக்கை அப்படியே இங்கே கொண்டுவர முடியாது.

தனிப் பகுதி போதாதா என்று கேட்கலாம். பல அணிகள் சில ஆட்டங்களுக்கு மட்டும் அப்படி ஒதுக்குகின்றன. அந்த இருக்கைக்குப் போகவும் அதே படிக்கட்டு, அதே ஓடு. மற்ற நாட்களில் அந்தக் குழந்தைக்கு ஆட்டமே இல்லை. எதிர்த் தட்டில் இருப்பது மற்றவர்கள் மூன்று மணி நேரம் கடலை கொறிக்காமல் இருப்பது. எடை போடவே வேண்டாம்.

மைதானத்தில் தடை சரி என்கிறேன். அலுவலகத்தில் என் முடிவு நேர்மாறு. 2008இல் திருத்தப்பட்ட அமெரிக்க ஊனமுற்றோர் சட்டம், உண்பதையும் மூச்சுவிடுவதையும் வாழ்வின் முக்கியச் செயல்களாக எண்ணுகிறது. ஆகவே கடும் ஒவ்வாமை உள்ள ஊழியருக்கு நியாயமான ஏற்பாடு செய்வது முதலாளியின் கடமையாகலாம். ஆனால் ஏற்பாடு என்றதும் 'கடலைக்குத் தடை' என்று ஒரு தாளை ஒட்டிவிடுவது சோம்பேறித்தனம். மாசசூசெட்ஸ் பள்ளிகளைப் பற்றி 2017இல் வந்த ஆய்வில், கடலையைத் தடுத்த பள்ளிகளில் அட்ரினலின் ஊசி போட நேர்ந்தது குறையவில்லை. கடலையில்லா மேசையைத் தனியாக வைத்த பள்ளிகளில் குறைவாக இருந்தது. அலுவலகம் பள்ளி இல்லைதான். ஆனாலும் பையைச் சோதிக்காமல் அங்கே தடையை எப்படி நடத்துவது?

நம்மவர் டிபன் டப்பாவையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒட்டிய தாளைப் பார்த்து தேங்காய்ச் சட்னியில் வேர்க்கடலை சேர்க்காமல் விடுவார், தாளித்ததோ ஊரிலிருந்து வந்த செக்குக் கடலை எண்ணெயில். நன்கு சுத்திகரித்த எண்ணெயில் புரதம் அநேகமாக இருக்காது, செக்கெண்ணெயில் இருக்கும். தடைக்குக் கீழ்ப்படிந்ததாகவே அவர் நினைத்திருப்பார். ஒவ்வாமை உள்ளவரும் அந்தத் தாளை நம்பி, கேட்காமலே ஒரு வாய் எடுத்துக்கொள்வார்.

அலுவலகத்துக்கு வேண்டியவை வேறு. தினமும் துடைக்கும் தனி மேசை, தனி மைக்ரோவேவ், பிறந்தநாள் கேக்கின் உட்பொருள் அச்சிட்ட அட்டையைக் குப்பையில் போடாமல் பக்கத்திலேயே வைப்பது, சோப்பு. கிருமிநாசினி ஜெல் கடலைப் புரதத்தைக் கையிலிருந்து முழுக்கப் போக்குவதில்லை என்பது 2004 முதலே தெரிந்த விஷயம். எல்லாவற்றுக்கும் மேலாக, எபிபென் என்ற அட்ரினலின் ஊசி எந்த இழுப்பறையில் இருக்கிறது, தொடையில் எங்கே அழுத்த வேண்டும் என்று பக்கத்து இருக்கைக்காரருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

யார்ட் கோட்ஸ் செய்ததில் கிராக்கர் ஜாக் விஷயத்தில்தான் தயங்கினேன். அதில் உடைக்க ஓடு இல்லை, தூசி இல்லை. ஆனால் பாகு ஒட்டிய விரல் படிக்கட்டின் கைப்பிடியைத் தொடும். பின்னால் ஏறும் மூன்று வயதுக் குழந்தை அதே கைப்பிடியைப் பிடித்துவிட்டு விரலை வாயில் வைக்கும். அதையும் சேர்த்துத் தடுத்தது சரிதான்.